ஒரு தோட்டா, ஒரு முடிவு

போன மாதம் இந்தப் பத்தியில், அம்மா ஆசையாகப் போட்ட அவரைப் பந்தலையும் வெண்டைச் செடிகளையும் ஒரு கிரவுண்ட்ஹாக் ஒரே வாரத்தில் காலி செய்த கதையை எழுதியிருந்தேன். கம்பி வலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக மடக்கிவிட்டதில் தோட்டம் தப்பித்தது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "பக்கத்துப் பண்ணைக்காரருக்காக ஒரு ரைஃபிள் வாங்க வேண்டி வந்தது, அது தனிக் கதை."

வந்த மின்னஞ்சல்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். "நம்ம ஆளுங்க துப்பாக்கி வச்சிக்கலாமா?", "ரெண்டு பிள்ளைங்க இருக்கிற வீட்ல எப்படிங்க?", "என்ன காலிபர் வாங்கினீங்க?" மூன்று கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே ஒன்று: நான் வேட்டைக்காரன் இல்லை. பென்சில்வேனியாவில் புல்வெளிகளுக்கு நடுவில் வீடு வாங்கிய ஒரு சாஃப்ட்வேர் ஆள், அவ்வளவுதான்.

பிரச்சினை என்ன?

தோட்டத்துக்கு வேலி போடலாம். நாற்பது ஏக்கர் புல்வெளிக்குப் போட முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். மாட்டுக்கு வேண்டிய புல்லும் சோயாவும் போடுகிறார். கிரவுண்ட்ஹாக் தோண்டும் வளையின் வாயில் டிராக்டரின் முன்சக்கரம் இறங்கி ஒரு முறை அச்சே வளைந்துவிட்டது. முன்பெல்லாம் அவரே ஒரு பழைய ரைஃபிளை எடுத்துக்கொண்டு போவார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் பாதையில் கிடந்த பனியைக் கேட்காமலே தள்ளிவிட்டுப் போன மனுஷன், ஒரு நாள் வேலியருகே வந்து நின்று, "நீ கத்துக்கிட்டு வந்தா எனக்கு ஒரு உதவியா இருக்கும்" என்றார்.

ஊரில் இருக்கும் அப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வயல்ல எலி வளையை வெட்டிப் பிடிப்பாங்களேடா, அது மாதிரிதான். நெல்லு பூராவும் உள்ளே சேர்த்து வச்சிருக்கும்" என்றார். பயிரை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. நமக்குத்தான் புதிது.

வீட்டில் மட்டும் அவ்வளவு சுலபமாக இல்லை. என் மனைவி யாழ்ப்பாணத்துக் குடும்பம், டொரன்டோவில் வளர்ந்தவர். ரைஃபிள் என்ற சொல்லை எடுத்தவுடனே சொன்னார்: "இஞ்ச பாருங்கோ, எங்கட அம்மா துவக்குச் சத்தத்துக்குத் தப்பி ஓடி வந்த ஆள். அவ வந்து நிக்கிற வீட்டில துவக்கோ?"

எங்கள் பதினொரு வயது மகளின் எதிர்ப்பு வேறு மாதிரி. பன்க்ஸடானி என்ற ஊர் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. 1887-இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரி 2-ஆம் தேதியும் ஒரு கிரவுண்ட்ஹாக்கை வெளியே கொண்டுவந்து, குளிர்காலம் இன்னும் எத்தனை நாள் என்று அதனிடம் ஜோசியம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டையில் ஃபில் முகமூடி செய்துகொண்டு வந்தவள் அவள். "அப்பா, ஃபில்லையா சுடப் போறீங்க?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

முதலில் சட்டம்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள், வேறு சட்டத் தடை இல்லையென்றால், ரைஃபிள் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். விசாவில் வந்திருக்கும் மச்சானிடம் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாரு" என்று நீட்டுவதுகூட அவருக்கு வினையாக முடியலாம்.

பென்சில்வேனியாவில் முதல் முறை வேட்டை உரிமம் எடுப்பவர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அந்த வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது. கனடாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு விதிகள் மிகவும் இறுகிவிட்டன. ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு விதியைத் தாங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் சிங்கிள் ஷாட்?

ரைஃபிள்களில் பல வகை உண்டு. டிரிகரை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானாக ஏறுவது செமி ஆட்டோமேட்டிக். கையால் தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது போல்ட் ஆக்‌ஷன். இரண்டிலும் உள்ளே தோட்டாக்கள் வரிசையில் காத்திருக்கும். சிங்கிள் ஷாட்டில் அப்படி எதுவும் இல்லை. ஒரு தோட்டாவை வைக்க வேண்டும், சுட வேண்டும், திறக்க வேண்டும், வெற்றுக் கூட்டை எடுக்க வேண்டும். இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

வார்மின்ட், அதாவது பயிரைக் கெடுக்கும் சிறு விலங்குகளைச் சுடுகிறவர்களிடம் இந்த வகைக்கு ஒரு பழைய மரியாதை உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஃபாலிங் பிளாக் ரைஃபிளை வின்செஸ்டர் 1885-இல் விற்க ஆரம்பித்தது. ஃபாலிங் பிளாக் என்றால், அடியில் இருக்கும் நெம்புகோலை இறக்கினால் பின்புறத்தை அடைத்திருக்கும் இரும்புக் கட்டி கீழே இறங்கும், குழல் திறக்கும். ஸ்காட்லாந்தின் ஃபார்கர்சன் ரைஃபிளும் இதே குடும்பம்தான். அதைப் பார்த்துத்தான் 1960களில் பில் ரூகர் தன் 'நம்பர் 1' ரைஃபிளைக் கொண்டுவந்தார். பார்க்க மிக அழகு. விலையும் அதற்கேற்றபடி.

எளிமையானது பிரேக் ஆக்‌ஷன். ஒரு நெம்பை அழுத்தினால் குழல் கீல் போட்ட கதவு மாதிரி மடிந்து திறக்கும். ஹென்றி, சி.வி.ஏ. போன்ற நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனின் 'ஹேண்டி ரைஃபிள்' 2015-இல் நின்றுபோனாலும் கைமாறிய துப்பாக்கிகளாக நிறையக் கிடைக்கிறது. தாம்சன் சென்டரின் சில மாடல்களில் குழலை மட்டும் மாற்றி வேறு தோட்டாவுக்குப் போய்விடலாம்.

எனக்குப் பிரேக் ஆக்‌ஷன் சரியாக வந்ததற்கு மூன்று காரணம்.

ஒன்று, நான் இடது கைக்காரன். போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடி பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கும். இடது கைக்கென்று தனியாகத் தேட வேண்டும். பிரேக் ஆக்‌ஷனுக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

இரண்டு, நீளம். போல்ட் முன்னும் பின்னும் போய்வர இடம் ஒதுக்கத் தேவையில்லாததால், அதே நீளக் குழலுக்கு ரைஃபிள் மொத்தத்தில் சில அங்குலம் குட்டையாக இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். குழல் மடிந்து திறந்திருந்தால், உள்ளே தோட்டா இல்லை என்பது அறைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் தெரியும். "காலியாத்தான் இருக்கு, என்னை நம்பு" என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாடல்கள் பலவற்றில் சுத்தியல் வெளியே தெரியும்படி இருக்கும். கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் சுட முடியும். அது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்பதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கடையில் இருந்த பையன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் குண்டு தவறினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நல்ல கேள்விதான். கிரவுண்ட்ஹாக் விஷயத்தில் பதிலும் எளிது: தவறினால் அது வளைக்குள் போய்விடும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 2017 வரை பென்சில்வேனியாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் வேட்டையாடவே அனுமதி இருந்ததில்லை. எங்கள் பண்ணைக்காரர் தலைமுறை அது இல்லாமலேதான் வயலைக் காப்பாற்றியிருக்கிறது.

தோட்டா: வயலை அளந்துவிட்டு வாங்குங்கள்

நம் வேலையில் என்ன தேவை என்று எழுதிக்கொள்ளாமல் கோடு எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். தோட்டாவிலும் அதேதான். முதல் வாரம் முழுக்க யூடியூபில் வேகத்தையும் சக்தியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, வயலில் எவ்வளவு தூரம் என்றே அளக்கவில்லை.

லேசர் தூரமானியை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரரோடு நடந்தேன். உட்காரத் தோதான இடம் இரண்டு. அங்கிருந்து பெரும்பாலான வளைகள் 60 முதல் 120 கஜத்துக்குள். ஒன்றிரண்டு மட்டும் 170, 180. ஒரு பக்கம் முழுக்க மேடு. இன்னொரு பக்கம் ரோடு. ரோட்டுப் பக்கம் சுடுவதில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்தது குறி எவ்வளவு பெரியது என்பது. வளர்ந்த கிரவுண்ட்ஹாக் இரண்டிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும். உடனே உயிர் போக வேண்டுமென்றால் குண்டு படவேண்டிய இடம் சுமார் மூன்று அங்குல வட்டம். ஒரு சின்ன வடை அளவு.

இப்போது தோட்டாக்களுக்கு வருவோம். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். .22 ஹார்னெட், .222, .223, .22-250 எல்லாமே இன்று 0.224 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன. வித்தியாசம் குண்டுக்குப் பின்னால் உள்ள பித்தளைக் கூட்டில் எவ்வளவு வெடிமருந்து கொள்ளும் என்பதில்தான்.

.22 எல்.ஆர்.: எல்லோரும் சொல்லும் சின்னத் தோட்டா. மலிவு, சத்தம் குறைவு, பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 40 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,200 அடியை ஒட்டித்தான் போகும். 50 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 100 கஜத்தில் அரை அடிக்கு மேல் இறங்கிவிடும். மெதுவான, கெட்டியான குண்டு என்பதால் தரையில் பட்டுத் தெறித்துப் போகும் அபாயமும் அதிகம்.

.17 எச்.எம்.ஆர்.: 2002-இல் வந்தது. 17 கிரெய்ன் எடையுள்ள துளிக் குண்டு, நொடிக்குச் சுமார் 2,550 அடி. 100 கஜம் வரை நேர்கோடு மாதிரி போகும். ஆனால் எடை இல்லாததால் காற்று தள்ளிவிடும். மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று 100 கஜத்தில் மூன்று நான்கு அங்குலம் நகர்த்திவிடும். நம் வடையே மூன்று அங்குலம்தான். வீடுகள் நெருக்கமாக இருந்து, தூரமும் நூறுக்குள் இருந்தால் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

.22 ஹார்னெட்: 1930களின் ஆள். 45 கிரெய்ன், நொடிக்குச் சுமார் 2,700 அடி. 150 கஜம் வரை கிரவுண்ட்ஹாக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சத்தமும் .223 அளவுக்கு இருக்காது. பழைய சிங்கிள் ஷாட் பிரியர்கள் இதை விடமாட்டார்கள். மனசு இதில்தான் இருந்தது. ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, இருந்தாலும் விலை கூடுதல். பழகாமல் சுடக் கூடாது, பழகுவதற்கு நிறையத் தோட்டா வேண்டும்.

.223 ரெமிங்டன்: 55 கிரெய்ன், நொடிக்குச் சுமார் 3,240 அடி. 100 கஜத்துக்குக் குறி வைத்தால் 200 கஜத்தில் இரண்டு மூன்று அங்குலம்தான் இறங்கும். எங்கும் கிடைக்கும், பழகுவதற்கான தோட்டா மலிவு. குறை, சத்தம்.

.22-250: அதே 55 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 3,680 அடிக்கு விரட்டும். 300 கஜத்துக்கு மேல் சுடும் மேற்கத்திய மாநிலங்களின் பரந்த வெளிகளுக்கு அருமையானது. குழல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். பண்ணைக்காரரின் பழைய ரைஃபிள் இதுதான். எங்கள் வயலுக்குத் தேவைக்கு மேல்.

நான் எடுத்தது .223. மேடு பின்னால் இருக்கிறது, பக்கத்து வீடு தூரத்தில் இருக்கிறது, 120 கஜத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாத அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கிறது. உங்கள் நிலம் வேறு மாதிரி இருந்தால் உங்கள் விடையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்கச் சில விஷயங்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேளுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 55 கிரெய்னோடு நின்றுகொள்ளுங்கள், கனமான நீளக் குண்டு அதில் தடுமாறும். ஒன்பதுக்கு ஒன்று என்றால் இன்னும் கொஞ்சம் கனமானதும் ஒத்துப்போகும். குழலில் '.223' என்று மட்டும் பொறித்திருந்தால் '5.56 நேட்டோ' தோட்டாவைப் போடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தம் கூடலாம்.

குண்டின் வகையும் முக்கியம். வார்மின்டுக்கென்று செய்த மெல்லிய குண்டுகள் பட்டவுடனே உடைந்து சிதறும். விலங்குக்கும் வேதனை குறைவு, தரையில் பட்டுத் தெறித்து ஊருக்குள் போகிற வாய்ப்பும் குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் போகாது. சின்ன .22 தோட்டாப் பெட்டிகள் பலவற்றிலேயே ஒன்றரை மைல் போகும் என்று எச்சரிக்கை அச்சடித்திருக்கும். பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடக் கூடாது.

சிங்கிள் ஷாட்டுக்கே உரிய ஒரு குணம்: அடிக்கட்டை இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு குழலோடு திருகியிருப்பதால், அதன்மேல் விழும் அழுத்தம் மாறினால் குண்டு படும் இடமும் மாறலாம். முன்துண்டின் திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முடுக்குங்கள். மணல் மூட்டையை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள், முடிந்தவரை கீலுக்கு அருகில். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே குழலை ஆறவிடுங்கள். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். 140 டெசிபலுக்கு மேல் போகும் ஒரே சத்தம் போதும், காது நிரந்தரமாகக் கெட.

வீட்டு ஒப்பந்தம்

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வாங்கினேன். தோட்டாக்களுக்கு வேறு மாடியில் வேறு பூட்டு. சங்கேத எண் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். மனைவி மூன்று நிபந்தனை போட்டார். அவரும் அந்தப் பயிற்சி வகுப்புக்கு வருவார். பிள்ளைகளோடு விளையாட வரும் குழந்தைகளின் பெற்றோருக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாமி வந்திருக்கும் நாட்களில் பெட்டியே திறக்கக் கூடாது.

மூன்றாவதை மாமியே ஒரு தடவை உடைத்தார். போன வருஷம் வந்திருந்தபோது, "எனக்கு அதை ஒருக்கால் காட்டுங்கோ" என்றார். மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மாமி விடவில்லை. எடுத்து, குழலை மடித்துத் திறந்து மேசைமேல் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் குழலின் மறுமுனை வட்டமாகத் தெரிந்தது. மாமி தொடவில்லை, குனிந்து பார்த்தார்.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை மாமி."

"மூடினா?"

"மூடினாலும் இல்லை. ஆனா மூடினா வெளியே தெரியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அப்ப உப்பிடியே திறந்து வையுங்கோ. மூடின துவக்கை நான் கனக்கப் பார்த்திட்டன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அவர் இருக்கும்போது எடுத்ததில்லை.

ஏழு தோட்டா

கிரவுண்ட்ஹாக் ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். தாயைச் சுட்டால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். ஜூலை வாக்கில் குட்டிகள் தனியாகப் பிரிந்து போய்விடும். அதுவரை பொறுக்கலாமா என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். "புல் அறுத்த பிறகுதான் எனக்கும் கண்ணுக்குத் தெரியும்" என்று ஒத்துக்கொண்டார். மகளுக்கு நான் கொடுக்க முடிந்த முதல் பதில் அதுதான். இரண்டாவது பதில், எது நடந்தாலும் மறைக்காமல் சொல்வேன் என்பது.

முதல் கோடையில் நான் சுட்டது மொத்தம் ஏழு தோட்டா. எத்தனையோ சாயங்காலங்கள் ஒன்றும் சுடாமலே திரும்பியிருக்கிறேன். பின்னால் மேடு இல்லை, இல்லை புல் மறைக்கிறது, இல்லை அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. குழலைத் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வருவேன். ஏழில் ஐந்து, நடந்தது என்னவென்றே அதற்குத் தெரிவதற்குள் முடிந்தது. ஒன்று தவறி மண்ணில் பட்டது.

மீதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள், 165 கஜத்தில் ஒன்று நிமிர்ந்து நின்றது. முந்தின ஐந்தும் சரியாகப் போனதில் எனக்குத் தலைக்கனம். பக்கக் காற்று இருந்தது, எவ்வளவு என்று ஊகித்துத்தான் சுட்டேன். குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. அது கால்களை இழுத்துக்கொண்டே வளைக்குள் போனதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். இரண்டாவது தோட்டாவை எடுத்து வைப்பதற்குள் மறைந்துவிட்டது. இருட்டும் வரை அந்த வளை வாயிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரவில்லை.

கடைக்காரப் பையன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அடுத்த தோட்டா தயாராக இருந்திருந்தால்? .22-250 வாங்கியிருந்தால்? பல நாள் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்: .223 அந்தத் தூரத்துக்கு தாராளமாகப் போதும். காற்றைப் படிக்கத் தெரியாதது நான்தான். பெரிய தோட்டா வாங்கியிருந்தால் அதே தப்பை 250 கஜத்தில் செய்திருப்பேன். அடுத்த தோட்டா உடனே கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதலாவதை இன்னும் அலட்சியமாகச் சுட்டிருப்பேன். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் தோட்டாவினுடையது. என் தூரத்தை நான்தான் பழகுமிடத்தில் காகித அட்டையில் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக்குப் பத்தும் மூன்று அங்குலத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் என் எல்லை. எனக்கு அது 120 கஜம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "எவ்ளோ நேரத்துல செத்திருக்கும்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஆரஞ்சு ரிப்பன் கட்டிய குச்சிகளை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினேன். அவளும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். நான் உட்காரும் இடத்தில் நின்று தூரமானியில் பார்த்து, "இன்னும் நாலு அடி பின்னாடி வாங்க, அங்கதான் 120" என்று கத்திக் கத்தி ஒவ்வொரு குச்சியையும் அவள்தான் நடவைத்தாள். அந்தக் குச்சிகளுக்கு அப்பால் இருப்பது எனக்கு இல்லை. போன கோடையில் சுட்டது நான்கு தோட்டா. நான்கும் குச்சிக்கு இந்தப் பக்கம்தான்.

ஒரு கடைசிக் குறிப்பு. இறந்ததை அப்படியே வயலில் விடாதீர்கள். ஈயக் குண்டின் துகள்கள் உள்ளே இருக்கும். அதைத் தின்னும் கழுகுகளுக்கு அது விஷம். ஆழமாகப் புதையுங்கள், அல்லது ஈயம் கலக்காத செம்புக் குண்டு பயன்படுத்துங்கள். நான் புதைக்கிறேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அந்த நடையும் வேலையில் ஒரு பகுதிதான்.

வேறு நாடுகளில் பண்ணை நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதிகளையும் அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சுடாத விஷயத்துக்கு வருகிறேன்: பதினொரு வயசுப் பெண்ணிடம் தமிழில் சண்டை போடுவது எப்படி, அதில் நான் ஏன் எப்போதும் தோற்கிறேன்.